குஞ்சைப் பார்த்து இனம் அறிவது எப்படி?



விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சந்தைகளில் கூடை நிறையக் குஞ்சு வைத்து, "சுத்த அசில், பெருவிடைங்க" என்று விலை சொன்னால், நிறத்தைப் பார்த்துக் காசை அவிழ்த்துவிடாதீங்க. குஞ்சின் பஞ்சு உதிர்ந்து வேறு இறகு முளைக்கும். ரோட் ஐலண்டு ரெட் கலந்ததும் செவலைதான், அசிலிலும் செவலை உண்டு.

கொண்டையைப் பாருங்க. அசிலுக்கு நெற்றியோடு ஒட்டி மூன்று தாழ்ந்த வரி, பட்டாணி பதித்தாற்போல இருக்கும். ரம்பம்போல ஒற்றை வரி நிமிர்ந்தால் அது சுத்த அசில் இல்லை. சிறுவிடைக்கு அதுதான் வழக்கம்; சிறுவிடை விலைக்குக் கேளுங்க, நஷ்டமில்லை.

ஆனா ஒன்று. பட்டாணிக் கொண்டை ஓங்கிய குணம். தாய் தகப்பனில் ஒன்று அசிலாக இருந்தாலே அதன் சாயல் குஞ்சுக்கு வந்துவிடும். ஆகவே கொண்டை தப்பாக இருந்தால் தள்ளலாம். சரியாக இருக்கிறதென்று வாங்கிவிட முடியாது. இரண்டு மூன்று மாதக் குஞ்சில் கால், கழுத்து நீண்டு, இறகு குறைந்து உடம்போடு ஒட்டியிருக்கிறதா பாருங்க.

கடக்நாத் கருங்கோழிக்குக் கறுப்பு இறகு மட்டும் போதாது. அலகைத் திறந்து நாக்கைப் பாருங்க, தோலையும் காலையும் பாருங்க. அங்கேயும் கறுப்பு ஓடியிருக்கணும்.

முடிந்தவரை தாய்க்கோழியையும் சேவலையும் காட்டச் சொல்லி வாங்குங்க. சந்தேகமிருந்தால் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.