வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இரண்டு கணக்கு

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



குற்றாலத்தில் குளிக்கலாம் என்று துண்டும் கையுமாக வந்திருப்பவர்களை உட்கார வைத்துக் கம்ப்யூட்டர் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் அன்றாட வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். அவ்வளவுதான்.

"நம்ம வீட்டு கம்ப்யூட்டர்ல அப்படி என்ன இருக்கு, எவன் வந்து எடுக்கப் போறான்?" என்று கேட்பீர்கள். நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ல். அதற்கு முந்தின மாதம், நாமும் கூடங்குளமும் ஒரே மாவட்டமாக இருந்தபோது, அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டரில் 'டிட்ராக்' என்னும் தீய நிரல் புகுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அக்டோபர் 29-ல் நிலையத்தார் மறுப்பு வெளியிட்டார்கள். மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிரல் இருந்தது உண்மைதான் என்று அறிக்கை விட்டது. செப்டம்பர் 4-ஆம் தேதியே சி.இ.ஆர்.டி.-இன் அமைப்பு அதைக் கவனித்துத் தெரிவித்திருந்தது.

டிட்ராக் என்ன செய்யும்? நாம் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யும். எந்தெந்த இணையதளத்துக்குப் போனோம், வட்டில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று பட்டியல் எடுக்கும். அணு உலை எப்படித் தப்பித்தது? நிரல் புகுந்தது, அலுவலக வேலைக்காக இணையத்தோடு இணைத்திருந்த வலையமைப்பில் உள்ள ஒரு கம்ப்யூட்டரில். உலையை இயக்குகிற வலையமைப்போ அதிலிருந்து முழுக்கப் பிரித்து வைக்கப்பட்டது. நடுவில் ஒரு சுவர் இருந்தது என்பதுதான் நமக்குப் பாடம்.

நம் வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். பேங்க் வேலை, பட்டா சிட்டா ஸ்கேன், அப்பாவின் பென்ஷன், பையனின் விளையாட்டு எல்லாம் அதிலேதான். இதற்கு நடுவில் நாம் சுலபமாக எழுப்பக்கூடிய சுவர், கணக்கை இரண்டாகப் பிரிப்பது.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் விண்டோஸில் முதலில் உருவாகிற கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. அதையேதான் வருஷக்கணக்கில் எல்லோரும் ஓட்டுகிறோம். அந்தக் கணக்கில் ஓடுகிற நிரல் அனுமதி பெற்றுவிட்டால் ஆன்டிவைரஸை நிறுத்தலாம். விண்டோஸின் உள் கோப்புகளை மாற்றலாம். நமக்குத் தெரியாமல் புதுக் கணக்கே திறக்கலாம். 2007-ல் வந்த விஸ்டாவிலிருந்து, இப்படிப்பட்ட வேலைக்கு முன்னால் ஒரு கேள்வி திரையில் வருகிறது. அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் வழக்கமாக 'யெஸ்' என்று தட்டினால் போதும். நாமும் படிக்காமலே தட்டுகிறோம். சாதாரணக் கணக்கில் அதே கேள்வி பாஸ்வேர்டு கேட்கும். அங்கே கை நிற்கும். "இது என்னடா, நான் ஒண்ணும் கேட்கலையே?" என்று ஒரு நிமிஷம் யோசிப்போம். அந்த ஒரு நிமிஷம்தான் லாபம்.

தம்பிமார்களுக்குத் தனியாக ஒன்று. விலை கொடுக்காமல் 'கிராக்' போட்ட மென்பொருள் இறக்குகிறீர்கள். "ஆன்டிவைரஸை நிறுத்து, அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு" என்று அதோடு ஒரு குறிப்பு வரும். வீட்டுக்கு வருகிறவன் நாயைக் கட்டிப்போடு, பீரோச் சாவியைக் கொடு என்று சொன்னால் கொடுப்பீர்களா?

இனி செய்முறை. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் அதர் யூசர்ஸ். அங்கே புதிதாக ஒரு கணக்கு திறந்து, அதை அட்மினிஸ்ட்ரேட்டராக மாற்றி, நல்ல பாஸ்வேர்டு கொடுங்கள். அதில் ஒருமுறை நுழைந்து சரிபாருங்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் பழைய கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும், வரிசை முக்கியம். உங்கள் கோப்புகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். இணையத்தில் வருகிற திருடன் பீரோவைத் திறக்க முடியாது.

இது எல்லா நோய்க்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. சாதாரணக் கணக்கில் இருந்தாலும், அந்தக் கணக்கின் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற நிரல் வரலாம். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு போகலாம். ஆகவே முக்கியமானவற்றை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். 2017 மே 12-ல் 'வானாக்ரை' உலகத்தையே ஆட்டியதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. இன்னும் அதையே வைத்திருப்பவர்கள் மாற்ற வழி பாருங்கள்.

கடைசியாக, வெளியூரில் வேலை பார்க்கிற நண்பர்களுக்கு. ஊரில் அம்மா அப்பா தனியாக இருக்கிறார்கள். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், சரிசெய்து தருகிறோம்" என்று போன் வரும். தூரத்திலிருந்தே திரையைப் பார்த்து இயக்கும் மென்பொருளைப் போடச் சொல்வார்கள். அதில் சில சாதாரணக் கணக்கிலும் ஓடும். ஆகவே கணக்கைப் பிரித்துக் கொடுத்தால் மட்டும் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியும் கொடுக்க வேண்டும். "யார் போன் பண்ணி எதைப் போடச் சொன்னாலும் வச்சிடுங்க, எனக்குப் போன் பண்ணுங்க" என்று சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள், போதும்.