இரண்டு ஊர் வேலை, நடுவில் ஒரு வீடு

திருச்சிராப்பள்ளிக்கும் காரைக்குடிக்கும் நடுவே, இருப்புப் பாதையிலும் நெடுஞ்சாலையிலும் இரு பக்கமும் இணைந்து நிற்கும் நகரம் புதுக்கோட்டை. திருச்சிப் பக்கம் பாரத மிகுமின் நிறுவனமும் துவாக்குடியின் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் இருக்க, காரைக்குடிப் பக்கம் அழகப்பா பல்கலைக்கழகமும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் இருப்பதால், கணவன் ஒரு திசையிலும் மனைவி மறு திசையிலும் பணிக்குச் செல்ல வேண்டிய குடும்பங்களுக்கு இந்நகரம் இயல்பான தங்கிடமாகிறது. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான இடமாறுதல் கலந்தாய்வில், கணவன் மனைவி இருவரும் பணியில் இருப்போருக்கு முன்னுரிமை வழங்கும் முறை உண்டெனினும், காலியிடம் அமையும் வரை காத்திருப்போருக்கும், ஒருவர் அரசிலும் மற்றவர் தனியாரிடமும் வேலை செய்வோருக்கும் அது உடனே கைகொடுப்பதில்லை. அவர்கள் செய்யக்கூடியதெல்லாம் இரண்டு பயணங்களுக்கும் ஈடுகொடுக்கும் ஒரு வீட்டைத் தேடுவதே. அந்த வீடு எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதை இவ்வுரை ஆராய்கிறது.

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குச் சாலை வழி 50 கிலோமீட்டருக்குச் சற்று மேலும், காரைக்குடிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டரும் ஆகும்; எனவே ஒருவர் நாளொன்றுக்கு 100 கிலோமீட்டருக்கு மேலும், மற்றவர் 80 கிலோமீட்டர் அளவிலும் பயணம் செய்கின்றனர். இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை ஒன்றில், போக்குவரத்து வசதி எவ்வளவு வளர்ந்தாலும் மனிதர் நாள்தோறும் பயணத்துக்குச் செலவிடும் நேரம் சராசரியாக ஒரு மணி நேர அளவிலேயே நிற்கிறது என்று வாதிட்டார். வேகம் கூடும்போது மக்கள் நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை, தொலைவையே கூட்டிக்கொள்கின்றனர் என்பது அதன் சாரம். புதுக்கோட்டைக் குடும்பத்தில் இருவருமே அந்த அளவைத் தாண்டியவர்கள். ஆகவே வீட்டில் அவர்களுக்கு மிஞ்சும் நேரம் சிறியது. சிறியதாயினும், இருவருக்கும் அது ஒரே வேளையில் வாய்ப்பதில்லை. விடியுமுன் புறப்படுபவர் ஒருவர், இரவு பிந்தித் திரும்புபவர் ஒருவர் என்று இரண்டு கடிகாரங்கள் ஒரே கூரையின்கீழ் ஓடுகின்றன. தனிமை என்றால் அண்டை அயலாரின் பார்வையிலிருந்து விலகியிருப்பது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. இத்தகைய வீட்டிலோ, ஒருவருடைய விழிப்பு மற்றவருடைய உறக்கத்தைக் கலைக்காதிருப்பதும் தனிமைதான், அதுவே முதன்மையானதும்கூட.

வீடு தேடுவோர் வரைபடத்தில் நடுப்புள்ளியைக் குறித்துக்கொண்டு தொடங்குவது வழக்கம். ஆனால் பயண நேரம் ஊருக்கு ஊர் கணக்கிடப்பட வேண்டியதன்று. வாசற்படியிலிருந்து பேருந்து இருக்கை வரையிலான நேரமும் அதில் அடக்கம். நகரின் விளிம்பில் மலிவாகக் கிடைக்கும் புதிய மனைப்பிரிவு ஒன்றில் குடியேறுபவர், இருசக்கர வண்டியில் பேருந்து நிலையம் சென்று, வண்டியை நிறுத்திவிட்டு, நின்று நின்று செல்லும் வண்டியையோ இடைநில்லாப் பேருந்தையோ பிடிக்கும் வரை கழியும் பொழுதை வாடகைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இருவர் போய்வர, ஒரு நாளில் அது நான்கு முறை கழிகிறது. கீரனூர் திருச்சிக்காரருக்கும், திருமயம் காரைக்குடிக்காரருக்கும் அருகில் உள்ளன என்பது உண்மையே. ஆயினும் ஒருவருக்குக் குறையும் தொலைவு மற்றவர் தலையில் ஏறுகிறது. நகரின் பழைய தெருக்களிலிருந்து பேருந்து நிலையத்துக்கு நடந்தே செல்லக்கூடும் என்பதால், அங்கே வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் கொடுப்பதே தகும்.

இன்று வாடகைக்கு மிகுதியாகக் கிடைப்பது மாடிப் போர்ஷன் எனப்படும் வகை. கீழ்த்தளத்தில் உரிமையாளர் குடியிருக்க, மேல்தளத்தில் ஒரு ஹால், அதை நோக்கித் திறக்கும் இரண்டு படுக்கையறைகள், ஒரு சமையலறை என்று அது அமைகிறது. காற்றும் வெளிச்சமும் தாராளம். குழாய் நீரும் கழிப்பறையும் உள்ளேயே உண்டு. ஆனால் எல்லாக் கதவுகளும் ஒரே ஹாலில் திறப்பதால், சமையலறையில் எரியும் விளக்கும் குக்கரின் ஓசையும் உறங்குபவரை எட்டாமல் போவதில்லை. மாடிப்படியோ உரிமையாளரின் வாசலை ஒட்டியே ஏறுகிறது. குடியிருப்பவர் எத்தனை மணிக்கு வந்தார், உடன் வந்தவர் யார் என்பதெல்லாம் கேட்கப்படாமலேயே தெரிந்துவிடும் அமைப்பு அது. உரிமையாளர் நல்லவரா அல்லரா என்பது இங்கே கேள்வியே அன்று, குறை கட்டடத்தின் வரைபடத்திலேயே இருக்கிறது.

இதற்கு மாற்று இம்மாவட்டத்திலேயே, நூறாண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறது. 1948-ஆம் ஆண்டு இந்திய ஒன்றியத்தோடு இணையும் வரை தொண்டைமான் மன்னர்களின் தனி அரசாக விளங்கிய புதுக்கோட்டையின் தலைநகர், நேர்கோட்டுத் தெருக்கள் ஒன்றையொன்று குறுக்கிட வகுக்கப்பட்ட நகரம். 1878-இல் திவான் பொறுப்பேற்ற சேஷையா சாஸ்திரியார் அதன் தெருக்களையும் குளங்களையும் சீர்படுத்தினார். இராச வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளிற் பல தெருவை நோக்கிக் குறுகியும் உள்நோக்கி நீண்டும் இருப்பவை. திண்ணை, அதன் பின் நடை என்னும் இடைவழி, கூடம், முற்றம், பின்கட்டு, கொல்லை என்று ஒவ்வொரு படியிலும் வெளியாரின் உரிமை சிறிது குறைகிறது: திண்ணையில் யாரும் அமரலாம், கூடம் வரை அறிந்தவர் வரலாம், முற்றத்தைக் கடந்தால் வீட்டார் மட்டுமே. வானத்தைப் பார்த்துத் திறந்த முற்றம் இருப்பதால், தெருப் பக்கம் பெரிய சன்னல் ஏதும் இல்லாமலேயே வெளிச்சம் உள்ளே இறங்குகிறது. பின்கட்டில் ஒருவர் எழுந்து குளித்துப் புறப்பட்டாலும், முன்னறையில் உறங்குபவருக்கும் அவருக்கும் நடுவே ஒரு முற்றமும் இரண்டு சுவர்களும் நிற்கின்றன.

இவ்வமைப்பின் விரிந்த வடிவத்தை மாவட்டத்தின் தென்பகுதியில், இராயவரம், அரிமளம், கடியாபட்டி, கோனாபட்டு போன்ற நகரத்தார் ஊர்களில் காணலாம். அங்கே முகப்பைக் கடந்தால் வருவது வளவு. நடுவில் முற்றமும், சுற்றிலும் தூண் தாங்கிய தாழ்வாரமும், அத்தாழ்வாரத்தை ஒட்டி அறைகளும் கொண்ட கட்டு அது. மணமான மகன் ஒவ்வொருவருக்கும் அவ்வறைகளில் ஒன்று உரியது. நகரத்தார் வழக்கில் மணமான இணை தனி 'புள்ளி'யாகக் கணக்கிடப்படுகிறது. அவ்விணை அதே வீட்டுக்குள் தனியே சமைத்துத் தனியே வரவு செலவு பார்க்கத் தொடங்குவது 'வேறு வைத்தல்' எனப்படும். பெரிய குடும்பம் ஒன்றாயிருக்க, அதனுள் ஒவ்வோர் இணையும் தனித்திருக்க, கட்டடமே இடம் கொடுத்தது. மூன்றாண்டுத் தவணையில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் தொழிலுக்குப் போய் வந்தவர்களின் வீடுகள் இவை என்பதையும் இங்கே கருத வேண்டும். நெடும்பயணமும் பிரிவும் வாழ்க்கையின் விதியாயிருந்த குடும்பங்களே இவ்வளவு நுட்பமாகத் தனியிடம் வகுத்துக் கட்டியிருப்பது வியப்புக்குரியதன்று.

பழைய வீட்டைப் போற்றும்போது அதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அங்கே தனிமை சமமாகப் பங்கிடப்படவில்லை. முன்பகுதி ஆண்களுக்கும், புகை சூழ்ந்த பின்கட்டு பெண்களுக்கும் என்று வகுத்த ஏற்பாடு அது. சாதி பார்த்து வாசலில் நிறுத்திய திண்ணையும் அந்த அமைப்பின் பகுதியே. கழிப்பறை கொல்லைக் கோடியில் இருந்தது. இவற்றுள் எதையும் காக்க வேண்டிய தேவை இல்லை. சமையலறையை முன்னுக்குக் கொண்டுவரலாம், கழிப்பறையை உள்ளே கட்டலாம், முற்றத்துக்குக் கம்பி வலை போடலாம். காக்கத் தக்கது, வாசல் முதல் கொல்லை வரை படிப்படியாக அடங்கும் அந்த வரிசை மட்டுமே.

இத்தகைய வீடு கிடைப்பதுதான் கடினம். நகரத்தார் வீடுகளில் உரிமை பல பங்காளிகளிடம் பிரிந்து கிடப்பதால், ஒருவர் இசைந்தாலும் மற்றவர் இசைவு வேண்டும். இசைவு கூடாமல் பூட்டிக் கிடந்து, இறுதியில் இடிபட்டு, தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குச் சென்ற வீடுகள் உண்டு. இது பெரும் இழப்பு. ஒரு கட்டை மட்டும் பிரித்து, தனி வாசலும் தனி மின் இணைப்பும் அமைத்து வாடகைக்கு விட்டால், குடியிருப்பவரின் வாடகையே மற்றக் கட்டுகளின் பராமரிப்புக்கு உதவும். புள்ளி புள்ளியாகப் பிரிந்து வாழக் கட்டப்பட்ட வீட்டுக்கு இது புதிய ஏற்பாடும் அன்று.

வாடகைக்கு வருபவரின் தனிமைக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், எழுத்து வடிவிலான ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கியதோடு, பழுதுபார்த்தல் போன்ற காரணங்களுக்காக உரிமையாளர் வீட்டுக்குள் வர வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது. மாத வாடகைக்குப் பதிலாக ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துக் குடியேறி, வெளியேறும்போது அத்தொகையைத் திரும்பப் பெறும் 'ஒத்தி' முறையிலும் எழுத்து இல்லாமல் பணம் கொடுப்பது தகாது. பங்காளிகள் உள்ள வீடாயின், அனைவரின் கையொப்பமும் அந்தப் பத்திரத்தில் இருக்க வேண்டும். எந்தக் கட்டு யாருக்கு, கிணறும் கொல்லையும் பொதுவா, ஆவணியில் ஓடு பிரித்து மாற்றும் செலவு யாருடையது என்பவையும் அதிலேயே எழுதப்பட்டுவிட்டால், ஐப்பசி மழையில் கூடம் ஒழுகும்போது உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் பேச்சு மிச்சம்.