விருந்து என்றால் யார்?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"சபையிலேயும் அக்கம்பக்கத்திலேயும் அன்பு காட்டுறதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசு" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். நான் கட்டடப் பொறியாளன். தூணைப் பற்றியும் உத்திரத்தைப் பற்றியும் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். இது போதகர்கள் பேச வேண்டிய விஷயம். ஆனால், இந்தப் பாடத்தில் நான் ஒரு முறை தோற்று, பிறகு எழுதித் தேறியவன். அரியர்ஸ் வைத்தவனுக்குத்தான் பாடம் நன்றாக ஞாபகம் இருக்கும் என்பது இங்கே பலருக்குத் தெரியும்! அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

2013இல் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் குடியேறினோம். கீழ்வீட்டில் நாங்கள் வாடகைக்கு. மாடியில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரும் அவர் மனைவியும். எங்கள் சபையில் பகுதிக்கு ஒரு வீட்டு ஜெபக் குழு உண்டு. எங்கள் குழுவில் 9 குடும்பங்கள். கூடம் பெரிது என்பதால் வெள்ளிதோறும் எங்கள் வீட்டில்தான் கூடுவோம். பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம், கடைசியில் டிபன். ஒருவருக்கு வேலை போனால், ஒரு வீட்டில் பிரசவம் என்றால், மற்ற எல்லோரும் ஓடிப்போய் நிற்போம். ஆதித் திருச்சபை மாதிரி இருக்கிறோம் என்று எங்களுக்குள் ஒரு பெருமை.

அந்த டிபனைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடும்பத்துக்கு ஒரு வாரம் என்று முறை. முதலில் முறுக்கும் காப்பியும் இருந்தது. பிறகு கேசரி, பஜ்ஜி. அப்புறம் பரோட்டா, சால்னா! ஆட்டோ ஓட்டும் சகோதரர் ஒருவரின் குடும்பம் மெல்ல மெல்ல வராமல் நின்றுவிட்டது. விசுவாசத்தில் குளிர்ந்து போனார்கள் என்று நினைத்து அவர்களுக்காக ஜெபமும் செய்தோம். டிபன் முறை வந்துவிடுமே என்ற பயம்தான் காரணம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

மாடி வீட்டு சார் ஒரே ஒரு நாள் இறங்கி வந்தார். "தம்பி, செருப்பைக் கொஞ்சம் ஓரமா விடச் சொல்லுங்க. அம்மாவுக்கு முட்டி வலி, இருட்டுல கால் தடுக்குது" என்றார். "சரி சார்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு வருஷத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். எங்கள் சால்னா வாசனை மாடிக்குப் போயிருக்கும். ஒரு தட்டு போகவில்லை.

2015 டிசம்பர் 1. அடையாறு கரை புரண்டு, ராத்திரியில் வீட்டுக்குள் தண்ணீர் இடுப்பளவு வந்துவிட்டது. பக்கத்துத் தெருவிலிருந்து எங்கள் குழுவின் இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்களைத் தேடி வந்தார்கள். மொத்தம் 11 பேர் அந்த மாடிப்படியில், நாங்கள் செருப்பு விடும் அதே படியில், நனைந்து நின்றோம். மேலே கதவைத் தட்ட எனக்குக் கை வரவில்லை. அதற்குள் கதவு தானாகத் திறந்தது. "மேல வாங்க தம்பி. முதல்ல புள்ளைங்களக் கொடுங்க" என்றார் சார்.

மூன்று நாள் அங்கேதான். கரண்ட் இல்லை, போன் இல்லை. ஒரே ஒரு கேஸ் சிலிண்டர். அந்த அம்மா அரிசியை அளந்து அளந்து கஞ்சி வைத்தார்கள். பெண்களுக்குத் தம் சேலைகளைக் கொடுத்தார்கள். மெத்தையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, முட்டி வலியோடு நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார்கள்.

இரண்டாம் நாள் ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில், "சார், இத்தனை நாளா உங்களுக்கு ஒரு காப்பிகூடக் கொடுத்ததில்லை. மன்னிச்சிருங்க" என்றேன். அவர் சிரித்தார். "விருந்துன்னா என்ன அர்த்தம் தெரியுமா? பழைய தமிழ்ல புதுசுன்னு அர்த்தம். சொந்தக்காரன் வந்தா அது சுற்றம். புதுசா வர்றவன்தான் விருந்து. வள்ளுவர் இல்லறத்தானோட கடமையைச் சொல்றப்போ விருந்தைத் தனியா, ஒக்கலைத் தனியாத்தான் எண்ணுறார். நீங்க வாரா வாரம் சுற்றத்தைக் கவனிச்சீங்க. அதுவும் நல்லதுதான். விருந்துதான் பாக்கி" என்றார்.

பிறகு எங்கள் போதகரிடம் இதைச் சொன்னேன். புதிய ஏற்பாட்டில் உபசரிப்புக்கு வரும் கிரேக்கச் சொல் 'பிலொக்செனியா' என்றும், அதற்கு அந்நியர்மேல் அன்பு என்று பொருள் என்றும் சொன்னார். தமிழ் வாத்தியாரும் வேதமும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிட்டார்கள்!

வெள்ளம் வடிந்தபின் குழுவில் பேசினோம். முதல் தீர்மானம், கூட்டத்தில் டீயும் பிஸ்கட்டும் மட்டும். ஆட்டோ சகோதரர் குடும்பம் திரும்பி வந்தது. இரண்டாவது, மாதம் ஒரு தெருக் குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிடுவது. மூன்றாவது, தெருவில் யார் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் முறை வைத்து அந்த வீட்டுக்குக் கேரியரில் சாப்பாடு அனுப்புவது. எல்லாப் பாரத்தையும் ஒரே தூணில் இறக்கினால் அது விரிசல் விடும்; பகிர்ந்து இறக்கினால் மெல்லிய தூண்களே தாங்கும். இது எங்கள் தொழில் பாடம். எப்போதும் ஒரே வீட்டு அம்மாதான் சமைக்க வேண்டும் என்றால் உபசரிப்பு ஆறு மாதத்தில் படுத்துவிடும்.

இது சுலபமாக நடக்கவில்லை. முதலில் கூப்பிட்ட வீட்டுக்காரர், "எங்களை மதம் மாத்தவா?" என்று நேராகவே கேட்டார். எங்கள் குழுவிலேயே ஒருவர், "கேரியரோட ஒரு கைப்பிரதியும் வைக்கலாமே" என்றார். வெகு நேரம் வாக்குவாதம். வேண்டாம் என்று முடிவு செய்தோம். சாப்பாட்டுக்குள் நோக்கம் வைத்தால் அது சாப்பாடாக இருக்காது. மாடி வீட்டில் எங்களுக்குக் கஞ்சி ஊற்றியவர்கள் எங்களிடம் எதையும் எதிர்பார்க்கவில்லையே! சந்தேகம் தீர ஒரு வருஷம் ஆயிற்று. 2019இல் சார் காலமானார். வெளியூரிலிருந்து மகன் வந்து சேரும்வரை அந்த அம்மாவோடு இருந்தது எங்கள் குழுப் பெண்கள்தான்.

2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் வெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுமார் 800 பயணிகள். பக்கத்துப் புதுக்குடி கிராமத்தார், தங்கள் ஊரே வெள்ளத்தில் தவிக்கும்போது, கோவிலில் சமைத்து அவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். வந்தவர்களில் ஒருவரும் சுற்றம் இல்லை. அத்தனை பேரும் விருந்து.

கடைசியாக ஒன்று. நாங்கள் முதலாம் ஆண்டு படித்தபோது ஞாயிறு ராத்திரி மெஸ் கிடையாது. ஒர்க்‌ஷாப் உதவியாளர் ஒருவர் எங்கள் மூன்று பேரைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போய்ப் புட்டும் பயறும் போடுவார். அவர் சம்பளம் என்ன என்று அன்றைக்கு எங்களுக்குத் தோன்றவில்லை. இன்று இந்த ஊரிலேயே வீடு கட்டிக் குடியிருக்கும் பழைய மாணவர்கள் எத்தனை பேர்! இன்றைக்கும் ஹாஸ்டலில் வீட்டு ஞாபகத்தில் கண்ணீர் விடும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு, வீட்டுக்கு இரண்டு பேர். பெயர் எழுத ஒரு நோட்டைச் செயலாளர் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். நான் சென்னையில் இருப்பவன். ஆனால், வேலை தேடிச் சென்னைக்கு வரும் நம் கல்லூரிப் பிள்ளைகள் முதல் வாரம் தங்க என் வீட்டு முன்னறை இருக்கிறது. முதல் பெயர் என்னுடையது.

வாழ்க நம் கல்லூரி!