தோணியைச் சுமக்கும் வழி

சாரல் காலத்தில் குற்றாலத்து வெண்ணமடைக் குளத்தில் உங்களுள் பலர் படகேறியிருப்பீர்கள். நம் குளங்கள் ஒன்றன் மறுகால் மற்றொன்றை நிரப்புமாறு அமைந்தவை. அவ்வழியே படகிலேயே அடுத்த குளத்திற்குப் போய்விடலாமே என்று தோன்றியதுண்டா? தண்ணீர் போகும், படகு போகாது. மறுகால் பாயும்போது அதன் வாயருகே நீரின் இழுவை மிகும். அதில் அகப்பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆதலின் வெகுதூரம் முன்னரே கரையேறி, தோணியைச் சுமந்தே அடுத்த நீரை அடைதல் வேண்டும். (உல்லாசப் படகைச் சுமக்க எண்ணாதீர்கள், இதற்கு இலேசான தோணியே ஏற்றது.)

வட அமெரிக்கப் பழங்குடியினர் இதில் வல்லவர். மரப்பட்டைத் தோணியைக் கவிழ்த்துத் தோளிலேற்றி நடப்பர். சுப்பீரியர் ஏரிக்கருகே அருவிகள் மலிந்த ஆற்றுப்பகுதியைத் தவிர்க்க அவர்கள் கண்ட நடைபாதையின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். 18ஆம் நூற்றாண்டில் மென்மயிர்த்தோல் வணிகர்தம் ஆட்கள், 40 கிலோ மூட்டைகளை இரண்டிரண்டாக அவ்வழியே சுமந்தனர்.

வெறுங்கையோடு ஒருமுறை நடந்து பார்த்தபின்னரே சுமையைத் தொடுக. குளத்துக்கரையில் தோணியை இழுக்கலாகாது. மண் சரியும், கரை உடைந்தால் வயல்கள் அழியும். சாரல் விழுந்தபின் மீண்டும் நடந்து பாருங்கள். காலையில் உறுதியாயிருந்த மண் மாலையில் வழுக்கும்.