ஓடினதை எழுதிய தாத்தா

(பூந்தமல்லியில் நடந்த இரட்டைமலை சீனிவாசன் நினைவுநாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம்ம தெருவில் எண்பது வயசு தாண்டின பெரியவர் செத்தால் கல்யாணச் சாவு என்பார்கள். காரியம் முடிந்ததும் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து பேசுவார்கள்: தாத்தா என்ன விட்டுட்டுப் போனாரு? நிலமா, நகையா? நமக்கு ஏது அதெல்லாம். ஒரு துண்டு, நாலு கதை.

இன்று நாம் நினைக்கிற தாத்தா 85 வயது வாழ்ந்து 1945 செப்டம்பர் 18இல் மறைந்தவர். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று சர்க்கார் கொடுத்த பட்டங்கள் பல. சனங்கள் வைத்துக்கொண்டதோ 'தாத்தா' என்ற ஒரே சொல். அப்படியென்றால் அவர் விட்டுப்போன சொத்தில் நமக்கும் பங்கு உண்டு. அது என்ன சொத்து?

1860இல் செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். கோயம்புத்தூரில் படித்த காலத்தைத் தன் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் அவரே எழுதியிருக்கிறார். மற்ற பிள்ளைகளோடு விளையாட மாட்டார். மணி அடிக்கும்வரை வெளியே எங்கேயாவது உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் யாரும் எட்டிப் பிடிக்காதபடி வீட்டுக்கு ஓடுவார். பழகினால் சாதி தெரிந்துவிடும் என்ற பயம்.

அந்தப் பையன் வளர்ந்து நீலகிரியில் வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கு எழுதினார். நானும் பேங்க்கில் கணக்கு எழுதுகிறவன்தான். அதனால் இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் தனிப் பாசம். பிறகு சென்னைக்கு வந்து 1893இல் பத்திரிகை தொடங்கினார். பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லுக்குப் பயந்து ஓடினாரோ அதையே முகப்பில் அச்சடித்தார். மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதருக்கு இந்த அடையாளம் உடன்பாடில்லை. 1907இல் அவர் தொடங்கியது 'ஒரு பைசாத் தமிழன்'. எந்தப் பெயரால் நிமிர்வது என்பது நம் குடும்பத்துக்குள்ளேயே நடந்த வாதம். இன்னும் முடியவில்லை.

ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தக் கேட்டபோது, மேல்சாதியார் கைக்கே அதிகாரம் போகும் என்று எதிர்த்து லண்டனுக்கு மனு அனுப்பினார். 112 அடி நீளம், 3412 கையெழுத்து. 1924இல் பொதுவழி, பொதுக்கிணறு எல்லோருக்கும் உரியது என்று சட்டமன்றத்தில் தீர்மானம். 1930, 1931இல் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கரோடு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இதே பூந்தமல்லியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்கார அம்மா அன்பாகத் தண்ணி கொடுத்தார். அப்புறம் கேட்டார்: "தம்பி, நீங்க என்ன ஆளுங்க?" "இந்தப் பக்கந்தாம்மா" என்று மழுப்பிவிட்டு வெளியே வந்தேன். கவிதையில் நெருப்பைக் கக்குகிறவன், தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். நடந்தது நானில்லை, பள்ளிக்கூடம் விட்டு ஓடின அந்தப் பையன்.

சாதியை ஒளிக்கிறவரைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. குடியிருக்க வீடு வேணும், பிள்ளைங்க படிக்கணும். வெட்கப்பட வேண்டியது கேட்கிறவர்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்த நூல் வந்தது 1939இல். தாத்தாவுக்கு 79 வயது. திவான் பகதூர் ஆகிவிட்டார். சின்ன வயசில் பயந்து ஓடியதை மறைத்திருந்தால் யாருக்குத் தெரியும்? அவர் மறைக்கவில்லை. ஓடினதையும் எழுதினார், நின்னதையும் எழுதினார். அதுதான் நமக்கு வந்த சொத்து.

கிண்டியில் அவருக்கு மண்டபம் இருக்கிறது. 2000இல் தபால்தலையும் வந்தது. மாலை போடுவோம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாணவத் தோழர்களே, இன்றைக்கு ராத்திரி வீட்டுத் திண்ணையில் இருக்கிற தாத்தா பக்கத்தில், ஆயா பக்கத்தில் போய் உட்காருங்கள். "எங்க பயந்து ஓடினீங்க? எங்க எதிர்த்து நின்னீங்க?" என்று கேளுங்கள். சொல்கிறதை அப்படியே எழுதி வையுங்கள். அவர்கள் போனபிறகு கேட்க முடியாது. நம்மைப் பற்றி வேறொருவர் வந்து சரியாக எழுதுவார் என்று காத்திருக்கவும் முடியாது.

நான் ஓடினதை இன்றைக்கு உங்கள் முன்னால் சொல்லிவிட்டேன். அடுத்த வீட்டு வாசலில் நிற்பேன் என்று நம்புகிறேன்.

ஜெய்பீம்.