கூடிய ஒரு கிலோ
(ஆசிரியர் கூட்டத்தில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எங்கள் பள்ளியின் கணக்கு டீச்சரிடம் மருத்துவர், "சர்க்கரை எல்லையில் நிற்கிறது, எடையைக் குறையுங்கள்" என்று சொல்லிவிட்டார். பஜ்ஜி, இனிப்பை விட்டார். மாலையில் டம்பிள்ஸ் பயிற்சியும் தொடங்கினார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது! "சார், பயிற்சி வேண்டாம். இனி மதியமும் சாப்பிடப் போவதில்லை" என்றார். எனக்குப் பயமாகிவிட்டது.

அவர் பாடத்திலேயே பதில் சொன்னேன். ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவு போக ஏறத்தாழ 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். 14 நாளில் என்றால் தினமும் 550. "குறைத்துச் சாப்பிடுகிற உங்களுக்கு அது எங்கிருந்து வரும், டீச்சர்?" சிரித்துவிட்டார்.

கூடியது பெரும்பாலும் நீர். பழக்கமில்லாத பளுவைத் தூக்கும்போது தசை இழைகளில் நுண்ணிய காயங்கள் உண்டாகும். அவை ஆறும்வரை அங்கே நீர் கோத்துக்கொள்ளும். மறுநாள் படியேறும்போது தொடை வலிக்கிறதே, அதுவும் இதோடு சேர்ந்ததுதான். தவிர, பயிற்சி பெறும் தசை கிளைகோஜனைக் கூடுதலாகச் சேமிக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சில வாரங்களில் இந்த ஏற்றம் அடங்கிவிடும். 'தசை வளர்ந்துவிட்டது' என்று ஆறுதல் சொல்வார்கள். இரண்டு வாரத்தில் அவ்வளவு வளராது. காலில் வீக்கமோ மூச்சிரைப்போ இருந்தால் அது வேறு. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தையல் டேப்பால் வயிற்றுச் சுற்றளவை அளக்கச் சொன்னேன். எடை வாரம் ஒருமுறை, காலையில், வெறும் வயிற்றில். ஆறாம் வாரம் சுற்றளவு 3 செ.மீ. குறைந்திருந்தது, எடை, தொடங்கிய நாளைவிட அரைக் கிலோதான் குறைவு. மதியச் சாப்பாட்டை அவர் விடவில்லை.