போன வழியே திரும்பி வருவோம்

(தொடர்கல்வி மையத்தின் மாலைக் கூட்டத்தில் அறிவொளித் தொண்டர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று காய்ச்சலைப் பற்றிப் பேசப் போகிறேன். கூடவே ஒரு கணக்கும் வரும். கணக்கு என்றதும் யாரும் எழுந்து போய்விடாதீர்கள். இந்தக் கணக்கைத் திருப்பத் தெரியாமல் ஒரு நாள் இரவு நானே திருதிருவென்று விழித்தேன். அந்தக் கதையை முதலில் சொல்கிறேன்.

என் அக்கா மகனுக்கு அப்போது இரண்டு வயது. ஒரு நாள் இரவு அவன் உடம்பு நடுங்கியது. கைகால் சில்லென்று இருந்தது. வீட்டிலிருந்த கண்ணாடித் தெர்மாமீட்டர் எப்போதோ உடைந்துவிட்டது. கடைக்கு ஓடிப் புதிதாக ஒன்று வாங்கி வந்தோம். பட்டனை அழுத்தினால் எண் தெரியும் வகை அது. குழந்தையின் அக்குளில் வைத்தோம். 39.4 என்று காட்டியது.

என் அம்மா பயந்துவிட்டார். "காய்ச்சல் என்றால் நூறு, நூற்றிரண்டு என்றுதானே காட்டும்? இது நாற்பதுகூட இல்லையே! பிள்ளைக்கு உடம்பு குளிர்ந்து போகிறது" என்றார். கம்பளியை எடுத்துக் குழந்தையை இறுக்கிச் சுற்றிவிட்டார்.

நான் பள்ளிப் படிப்பை முடித்தவள். எண்ணுக்குப் பக்கத்தில் 'சி' என்ற ஆங்கில எழுத்து இருந்ததைக் கவனித்தேன். இது செல்சியஸ் அளவு என்று புரிந்தது. பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரில் நாங்கள் பார்த்தது பாரன்ஹீட் அளவு. பள்ளியில் மனப்பாடம் செய்த சூத்திரமும் நினைவுக்கு வந்தது.

"32-ஐக் கழி. 5-ஆல் பெருக்கு. 9-ஆல் வகு."

உடனே போட்டுப் பார்த்தேன். 39.4-இல் 32 போனால் 7.4. அதை 5-ஆல் பெருக்கினால் 37. அதை 9-ஆல் வகுத்தால் 4 சொச்சம். நான்கு டிகிரியா? அது பிரிட்ஜுக்குள் இருக்கும் தண்ணீரின் குளிர் அல்லவா!

தவறு எங்கே? நான் மனப்பாடம் செய்தது பாரன்ஹீட்டைச் செல்சியஸாக மாற்றும் வழி. எனக்கு வேண்டியதோ அதன் எதிர்வழி. ஒரு பக்கம் போகத் தெரிந்தது. திரும்பி வரத் தெரியவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பூக்கார அம்மா வந்தார். நம் மையத்தில்தான் அவர் எழுத்துக் கற்றார். என்ன கணக்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் சொன்னார்:

"ஏம்மா, போன வழி தெரியுதில்ல? அதே வழியில திரும்பி வா. கடைசியா எதைக் கட்டினியோ அதை முதல்ல அவிழ்த்து விடு."

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. உங்களுக்கும் சொல்கிறேன்.

வேலைக்குப் போகும்போது என்ன செய்கிறோம்? தூக்கில் சோற்றைப் போடுகிறோம். மூடியை மூடுகிறோம். துணிப்பையில் வைத்துக் கட்டுகிறோம். மதியம் சாப்பிடும்போது? முதலில் கட்டை அவிழ்க்கிறோம். பிறகு மூடியைத் திறக்கிறோம். கடைசியில் சோற்றை எடுக்கிறோம். கடைசியில் செய்ததை முதலில் பிரிக்கிறோம். கட்டியதை அவிழ்க்கிறோம். மூடியதைத் திறக்கிறோம்.

கணக்கும் அப்படித்தான். கூட்டலை அவிழ்ப்பது கழித்தல். பெருக்கலை அவிழ்ப்பது வகுத்தல்.

போன வழி: 32-ஐக் கழி. 5-ஆல் பெருக்கு. 9-ஆல் வகு.

திரும்பும் வழி: 9-ஆல் பெருக்கு. 5-ஆல் வகு. 32-ஐக் கூட்டு.

அன்றிரவு அப்படியே செய்தேன். 39.4-ஐ 9-ஆல் பெருக்கினால் 354.6. அதை 5-ஆல் வகுத்தால் 70.92. அதோடு 32-ஐக் கூட்டினால் 102.92. ஏறக்குறைய 103 டிகிரி!

குழந்தைக்குக் குளிர் இல்லை. கடும் காய்ச்சல். கம்பளியை உடனே எடுத்தோம். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். "காய்ச்சல் பிள்ளையைக் கம்பளியில் சுற்றாதீர்கள். சூடு வெளியே போக முடியாது" என்று மருத்துவர் சொன்னார். மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் பிள்ளை தெருவில் ஓடி விளையாடினான்.

சரி, இந்த 9, 5, 32 எங்கிருந்து வந்தன? பாரன்ஹீட் என்பவர் 1724-இல் தம் அளவை வெளியிட்டார். பனிக்கட்டி, தண்ணீர், நவச்சார உப்பு மூன்றையும் கலந்தால் கடும் குளிர் உண்டாகும். அந்தக் குளிரை அவர் 0 என்று வைத்தார். ஆகவே வெறும் பனிக்கட்டி உருகும் இடம் அவர் அளவில் 32 ஆயிற்று. தண்ணீர் கொதிக்கும் இடம் 212.

ஸ்வீடன் நாட்டு அறிஞர் செல்சியஸ் 1742-இல் வேறோர் அளவைச் சொன்னார். வேடிக்கையைக் கேளுங்கள். அவர் தண்ணீர் கொதிக்கும் இடத்தை 0 என்றார். உறையும் இடத்தை 100 என்றார். பின்னால் வந்தவர்கள் அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். இப்போது உறைவது 0, கொதிப்பது 100.

பனிக்கட்டி உருகுவதிலிருந்து தண்ணீர் கொதிப்பது வரை ஓர் ஏணி என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்சியஸ் ஏணியில் 100 படி. பாரன்ஹீட் ஏணியில் 180 படி. உயரம் ஒன்றே. ஆகவே செல்சியஸில் 5 படி ஏறினால் பாரன்ஹீட்டில் 9 படி ஏறியதாகும். பாரன்ஹீட் ஏணியின் முதல் படியில் 32 என்று எழுதியிருக்கிறது. அதனால்தான் 32-ஐக் கூட்டுகிறோம்.

இன்னும் சுலபமான வழியும் உண்டு. செல்சியஸ் எண்ணை இரண்டு மடங்காக்குங்கள். வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 32-ஐக் கூட்டுங்கள். உதாரணமாக 40 டிகிரி. இரண்டு மடங்கு 80. பத்தில் ஒரு பங்கு 8. அது போனால் 72. அதோடு 32 சேர்ந்தால் 104.

இரண்டு எண்களை மட்டும் சுவரில் எழுதி வையுங்கள். நல்ல உடம்பின் சூடு ஏறக்குறைய 37 செல்சியஸ். அது 98.6 பாரன்ஹீட். 38 செல்சியஸும் அதற்கு மேலும் காய்ச்சல். அது 100.4 பாரன்ஹீட்.

ஒன்று முக்கியம். குழந்தைக்கு வலிப்பு வந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, கணக்குப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் அப்படியே.

வீட்டுக்குப் போய் இரண்டு கணக்குச் செய்து பாருங்கள்.

1. ராஜஸ்தான் மாநிலத்தின் பலோடி ஊரில் 2016 மே 19 அன்று வெயில் 51 டிகிரி செல்சியஸ் அடித்தது. பாரன்ஹீட்டில் எவ்வளவு?

2. ஒருவருக்குக் காய்ச்சல் 102.2 பாரன்ஹீட். செல்சியஸில் எவ்வளவு?

விடை வந்ததும், வந்த வழியே திரும்பிப் போய்ப் பாருங்கள். புறப்பட்ட எண் கிடைத்தால் கணக்குச் சரி. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

நான் எத்தனையோ சூத்திரங்களை மனப்பாடம் செய்தேன். அதைத் திருப்பக் கற்றுக்கொடுத்தவர் நம் வகுப்பில் படித்த பூக்கார அம்மா. அவர் இதோ முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார். அவருக்கு என் நன்றி.